காங் அண்ணனுக்கு ஒரு நன்றி

மோனிகாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் கதவுக்கு ரப்பர் செய்கிற ஒரு கொரியக் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள், இப்போது லைன் லீடர். நாற்பது பெண்களை அதட்டியும் கிண்டல் பண்ணியும் மேய்க்கிறாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கடைசிவரை தலை நிமிராமல் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்கள் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்து இவள் பேசுகிறாள் என்று கம்பெனி பஸ்ஸில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் அண்ணன் ஜோசப் அதற்கு நேர் எதிர். காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் வெல்டராக இருந்த காலத்திலேயே, ஒரு வார்த்தையில் முடிகிற பதிலைத் தலையாட்டலிலேயே முடித்துவிடுகிற ஆள். அந்த மனிதன் போன வருடம் கப்பல் கட்டும் வேலைக்குக் கொரியாவுக்குக் கிளம்பியபோது, மீஞ்சூரில் அவன் மனைவி மெர்சி ஒரு வாரம் சரியாகச் சோறு தின்னவில்லை.

“பாஷையும் தெரியாது, வாயும் கெடையாது. அங்க யாராண்ட பேசுவாரு மோனி?” என்று இவளைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள்.

இரண்டாவது மாதமே ஜோசப் ஒரு நல்ல சேதி சொன்னான். கூட வேலை செய்கிற காங் என்பவர் ஃப்ரெண்டாகிவிட்டாராம். பத்து வயது மூத்தவர், தங்கமான மனுஷராம். குளிருக்கு அவர் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தார், பிறந்த நாளுக்கு அவர் மனைவி அவர்கள் ஊர் வழக்கப்படி கடல்பாசி சூப் வைத்துக் கொடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் காரில் கூட்டிப் போனார் என்று சாயங்காலப் போனில் தினம் ஒரு கதை வந்தது. மெர்சிக்கு உயிர் வந்தது. ஜெபத்தில் பிள்ளைகள் பேருக்கு அடுத்து காங் அண்ணன் பேரைச் சேர்த்தாள். மோனிகாவும் சும்மா இருப்பாளா? ஜோசப் அனுப்பிய ஒரு போட்டோவை, ஹெல்மெட் போட்ட ஆட்கள் வரிசையாக நிற்கிற அந்த ஒரே போட்டோவை, லைன் முழுக்கக் காட்டினாள். “பாருங்கடி, எங்கண்ணனுக்கு ஓர் அண்ணன்!” என்றாள்.

அந்த நல்ல சேதி வந்து எட்டாவது மாதம், பிப்ரவரியில் ஒரு நாள் ஜோசப்பின் போன் அணைந்து கிடந்தது. சார்ஜ் போயிருக்கும் என்றார்கள். மறுநாளும் அப்படியே. கொரியாவில் இப்போதுதான் அவர்கள் புத்தாண்டு லீவு, கப்பல் யார்டு ஐந்து நாள் மூடல், ஒருத்தரும் எடுக்கமாட்டார்கள் என்று சொல்லி ஏஜென்ட் போனை வைத்துவிட்டான். மூன்றாம் நாள் காலையில் மெர்சி கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். கலைந்த தலையோடு கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றவளைப் பார்த்ததும் மோனிகா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“காங் அண்ணனப் புடிக்கணும் மோனி. அவருக்குத் தெரியாம இருக்காது. உங்க கொரியா சாராண்ட கேளேன்” என்றாள் மெர்சி.

கொரியா சார் என்றால் புரொடக்‌ஷன் மேனேஜர் யூன். கும்மிடிப்பூண்டிக்கு வந்து மூன்று வருடமாகிறது. இவ்வளவு வாய் பேசுகிற மோனிகா அவரிடம் பேசியதெல்லாம் டார்கெட், ரிஜெக்‌ஷன், ஓகே சார். அவ்வளவுதான். ஆனாலும் கேட்டில் பாஸ் போட்டு அண்ணியை உள்ளே கூட்டிப் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைக் கொட்டினாள்.

யூன் மறுபேச்சில்லாமல் போட்டோவை வாங்கிப் பெரிதாக்கினார். ஹெல்மெட்டுகளில் கொரிய மொழியில் எழுதியிருந்ததைப் படித்து, காங் யார், எந்த யார்டு என்று கண்டுபிடித்தார். அந்தக் கப்பல் யார்டில் அவருடன் படித்த ஒருவர் இருக்கிறாராம். அவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, அரை மணியில் காங்கே லைனில் வந்துவிட்டார். ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல் கேட்டது. மெர்சி சேரிலிருந்து எழுந்து கைகூப்பினாள், எதிரில் ஆள் நிற்கிற மாதிரி.

“அண்ணன் எங்கன்னு கேளுங்க சார்” என்று மோனிகா பதறினாள்.

“இரு மோனி” என்று மெர்சி தடுத்தாள். “இவ்ளோ செஞ்ச மனுஷராண்ட எடுத்த எடுப்புல உதவி கேப்பியா? மொதல்ல நன்றி சொல்லணும்.”

சொன்னாள். ஜாக்கெட்டுக்கு நன்றி, சூப்புக்கு நன்றி, கோயிலுக்குக் கூட்டிப் போனதற்கு நன்றி, என் புருஷனை அநாதையாக விடாமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. மோனிகா இங்கிலீஷில் சொல்ல, யூன் அதைக் கொரிய மொழியில் சொன்னார். லைன் கட்டாகிவிட்டதோ என்று யூன் போனைப் பார்த்தார். பிறகு அந்தக் குரல் தயங்கித் தயங்கி நெடுநேரம் பேசியது.

“ஏதோ தவறு நடந்திருக்கிறது என்கிறார்” என்றார் யூன். “இவரும் ஜோசப்பும் ஒரே டீம்தான். ஆனால் ஒரு நாளும் பேசியதில்லையாம். ஜாக்கெட் வாங்கித் தரவில்லை. சூப் தரவில்லை. ஜோசப் குழாய் அடுக்குக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாராம். அவ்வளவுதான் தெரியும் என்கிறார்.”

மோனிகா மெர்சியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. மெர்சி முதலில் நம்பவில்லை. வேற காங்கா இருக்கும், நல்லாக் கேளு என்றாள். ஹெல்மெட்டில் இருக்கிற காங் இவர்தான் என்று தெரிந்ததும் பொத்தென்று சேரில் உட்கார்ந்தாள்.

“அப்போ மூணு நாளா அவரு கூட யாரு இருக்காங்க?”

மோனிகா அந்தக் கேள்வியை இங்கிலீஷில் யூனிடம் சொன்னாள். ஒருத்தரும் இல்லை. லீவில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட விடுதியில் அண்ணன் தனியாக இருக்கிறான். யூன் போனில் ஏதோ வேகமாகச் சொன்னார். காங்கும் வேகமாகப் பதில் சொன்னார். காங் வீட்டிலிருந்து விடுதி காரில் பதினைந்து நிமிஷ தூரம்தான், அவர் கிளம்பிவிட்டார் என்றார் யூன்.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று கேட்டால் மோனிகாவுக்கே தெரியாது. லைனில் என்ன ஓடியது, எத்தனை ரிஜெக்ட் ஆனது என்று அவளும் கேட்கவில்லை, யூனும் கேட்கவில்லை. போன் அடித்தபோது மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள். கதவை உடைத்துத்தான் போனார்களாம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஜோசப் சுருண்டு கிடந்தான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, ஆனால் மூச்சு இருந்தது. குடல்வால் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில், கூட வந்தவர் யார், என்ன உறவு என்று ஃபாரத்தில் கேட்டார்களாம். காங் ‘நண்பர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆபரேஷன் முடிந்தது, பிழைத்துவிட்டான் என்ற சேதி மத்தியானம் மூன்றரைக்கு வந்தது. அதுவரை கல்லாக இருந்த மெர்சி அப்போதுதான் உடைந்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“எட்டு மாசம்டி! எட்டு மாசமா ஒண்டியா குந்திகினு, இல்லாத சூப்ப என்னாண்ட குடிச்சுக் காட்டிகினு இருந்திருக்காரு. நானும் உப்பு சரியா இருந்துச்சான்னு கேட்டேனே! எனுக்கு யாருமில்ல மெர்சின்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா? சாராண்ட கேளு. இந்த ஆம்பளைங்க இன்னாத்துக்கு இப்டி பண்றாங்க?”

மோனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அப்படியே இங்கிலீஷில் கேட்டாள்.

“சொன்னால் வீட்டில் தூங்கமாட்டார்கள்” என்றார் யூன். பிறகு, “மோனிகா, நானும் என் அம்மாவிடம் ஒரு ஃப்ரெண்டைப் பற்றிச் சொல்லி வருகிறேன். மூன்று வருடமாக” என்றார்.

மேஜையின் கீழ் டிராயரைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். உள்ளே கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கையால் பின்னிய கம்பளித் துண்டு இருந்தது. கும்மிடிப்பூண்டி வெயிலுக்குக் கம்பளித் துண்டு! மேலே நடுங்கும் கையெழுத்தில் இங்கிலீஷில் ஒரு பெயர் எழுதியிருந்தது. மோனிகா.

அவள் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள்.

“என் அம்மா உங்களுக்கு அனுப்பியது. எப்படிக் கொடுப்பதென்று தெரியவில்லை” என்றார் யூன். “உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நீங்கள் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். மன்னிக்க வேண்டும். இந்த ஊரில் நான் தினமும் கூப்பிடுகிற பெயர் உங்களுடையதுதான்.”

மழைக்காலம். மோனிகாவுக்கு நினைவு வந்தது. நவம்பரில் நான்கு நாள் சார் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ‘ஜாலிடி, நாலு நாளைக்கு நிம்மதி’ என்று லைனில் கைதட்டியது வேறு யாருமில்லை, அவளேதான். அந்த நான்கு நாளும் இந்த மனுஷன் எந்தக் கதவுக்குப் பின்னால் கிடந்தாரோ?

நாற்பது பெண்களை மேய்க்கிற அந்த வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. மெர்சிக்கு ஒன்றும் புரியவில்லை. பொட்டலத்தையும் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாத்தனாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“இன்னாடி சொல்றாரு? சொல்லேன்.”

“சாருக்கு ஜொரம் வந்தப்ப நான் கஞ்சி வச்சு எடுத்துனு போய்க் குடுத்தேனாம் அண்ணி.”

“குடுத்தியா?”

மோனிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இல்ல அண்ணி” என்றாள்.