அடியில் தங்கிய பருப்பு

மாசி: வாலாஜாபாத் சாலையில் நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சி. ஐயம்பேட்டைக்கு முன்பே வலது கால் மடங்கியது. ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினேன்.

பங்குனி: வழக்கமான உணவு. எடை குறைந்தது. பெல்ட்டில் புதுத் துளை.

சித்திரை: இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன்.

என் ஓட்டக் குறிப்பேட்டில் பதிவு இவ்வளவே. என் மனைவி வசந்தாவின் புற்றுநோயும் காரணம் புரியாத எடை இழப்பாகத்தான் தொடங்கியது என்பது அதில் இல்லை. அவள் மறைந்து ஓராண்டு நிறையவில்லை. அவள் காப்பி போட்டுவந்த விடியற்பொழுதில் வீட்டில் இருக்க முடியாமல்தான் ஓடத் தொடங்கினேன். இப்போது அவளுடன் காத்திருந்த அதே மருத்துவமனையில், வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் தேன்மொழியுடன் அமர்ந்திருந்தேன். அறிக்கை உறையை இருவரும் பிரிக்கவில்லை.

“கையெல்லாம் சில்லுனு இருக்குதுப்பா.”

“ஏசி.”

“ஏசி ஓடவே இல்லப்பா.”

மருத்துவர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். எங்கள் இருவர் கண்களும் அவர் முகத்திலேயே இருந்தன.

“கட்டி எதுவும் இல்ல சார். சிறுநீரகமும் நல்லா இருக்குது. இது தசை இழப்பு. வயசாலயும் புரதக் குறைவாலயும் தசை கரையுது. நீங்க ஓடுறீங்க, உடம்பு தன்னையே தின்னுக்கினு ஓடுது. என்ன சாப்பிடுறீங்க?”

“தினமும் சாம்பார் உண்டு” என்றேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவனின் உறுதி குரலில் இருந்தது. சைவத்தோடு எப்போதாவது சேரும் முட்டையையும் துக்க ஆண்டு என்பதால் நிறுத்தியிருந்தேன். நீண்ட ஓட்டத்துக்கு அவர் தடை விதித்தார்.

அன்று மதியம் நானே பரிமாறிக்கொண்டதைத் தேன்மொழி பார்த்தாள்.

“என்னப்பா, மேலாப்ல தெளிவ மட்டும் எடுக்குறீங்க? பருப்பு அடியில அப்படியே கிடக்குது.”

“எனக்கு இதுதான் பழக்கம்.”

“உங்களுக்கு எங்கப்பா பழக்கம்? நீங்க கரண்டியத் தொட்டதே இல்லையே. அம்மாதான அடி வரைக்கும் கலக்கி ஊத்துவாங்க.”

கரண்டியை வாங்கிக் கலக்கினாள்.

இதே நிலையில் இருப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாம்பாரைக் கலக்கினால் மட்டும் போதாது. பருப்பு தனியாக, கெட்டியாக வேண்டும். காலையில் பயறு, சிறிது தூரம் ஓடிய பின் தயிரும் நிலக்கடலையும், மாலையில் சுண்டல், இரவில் பனீர் அல்லது சோயா என்று பிரித்து உண்கிறேன். ஒரே வேளையில் ஈடுகட்ட முயன்று வயிறு கெட்டதும் உண்டு. சிறுநீரகத்தைச் சோதிக்காமல் அளவைக் கூட்ட வேண்டாம்.

உடல் என்னைச் சுமந்து செல்வது என்று எண்ணியிருந்தேன். நேற்று உண்டதைக் கொண்டு அது நாளையைக் கட்டுகிறது. கடலை ஊற ஓர் இரவு. தசை திரும்ப ஒரு பருவம். இரண்டையும் விரைவுபடுத்த முடியவில்லை.

இன்னும் செய்யாதவை:

வருடத் திதிக்குப் பின் முட்டை உண்பதா என்று முடிவெடுத்தல்.

ஐயம்பேட்டையைத் தாண்டி ஓடுதல்.

கொண்டைக்கடலையை ஒருவருக்கு மட்டும் அளந்து ஊறவைத்தல்.