நாங்கள் இரண்டு முறை எழுப்பிய சுவர்

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான நான் ஒரு வருடம் வேலைக்குப் போகவில்லை. காலையில் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூன்றாவது மாதம் ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தார். எங்களைப் போன்றவர்கள் பகலில் கூடியிருக்க நீடாமங்கலத்துக்கு வெளியே ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டியவர்களில் பாதிப்பேர் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள்தான்.

"சும்மா போய் உக்காந்துட்டு வாங்க சார். முடிஞ்சா மண்ணு மிதிங்க" என்றார்.

சிமெண்ட் இல்லாத கட்டடம் அது. இடித்த வீடுகளின் செங்கல்லில் அஸ்திவாரம். அதன் மேல், குளத்தில் தூர் வாரிய மண்ணையும் வைக்கோலையும் தண்ணீர் விட்டு மிதித்து, உருண்டை உருண்டையாக அடுக்கிச் சுவர் எழுப்ப வேண்டும்.

அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். குடவாசல் பக்கம். நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர். காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கத் தொடங்கியதும் எல்லாம் நின்றுபோனது. தினமும் அவருடைய தம்பி வண்டியில் கொண்டுவந்து விடுவார். பஸ்ஸில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றுமாம்; அதனால் பல வருடங்களாகத் தனியாகப் பஸ் ஏறியதில்லை.

முதல் வாரமே அவர், கட்டட வேலையைப் பார்த்த இன்ஜினியர் கலக்கி வைத்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கயிறுபோல் உருட்டி வளைத்துப் பார்த்தார்.

"களி ஜாஸ்தி சார். காஞ்சா வெடிக்கும். இன்னும் கொஞ்சம் மணல் போடுங்க."

இன்ஜினியர் இரண்டு விதமாகவும் மண்கட்டி செய்து வெயிலில் வைத்தார். மூன்றாம் நாள் இன்ஜினியருடைய கட்டி பாளம் பாளமாக வெடித்திருந்தது. அன்றிலிருந்து மண் கலப்பது அந்தப் பெண்ணின் பொறுப்பு. அவர் பதம் சொல்லாமல் நாங்கள் யாரும் சுவரில் ஒரு உருண்டை வைத்ததில்லை.

சித்திரையில் ஒரு நாள் மாலை மேகம் கட்டியது. தார்ப்பாய் போட்டு மூடுவது அன்று என் முறை. மேற்குச் சுவரில் ஒரு மூலையைச் சரியாகக் கட்டாமல் வந்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால், மழையில் ஊறிச் சுவர் பாதி சரிந்து கிடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான்கு நாள் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலை என் மனைவி வந்து எழுப்பினாள். வீட்டு முன்னறையில் நாற்காலி நுனியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். கையில் தண்ணீர் டம்ளர்.

"தம்பி வெளில நிக்கிறாரா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். நான் மட்டும் பஸ்ல வந்தேன்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்:

"பயமாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு ஸ்டாப்பு பேரையும் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன். சுவரு விழுந்தா மண்ணு எங்க சார் போயிடும்? அங்கதான் கெடக்கு. தண்ணி தெளிச்சு மிதிச்சா திரும்ப வைக்கலாம். மிதிக்கத்தான் ஆளு பத்தல."

சட்டையை மாற்றிக்கொண்டு அவரோடு கிளம்பினேன். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. இறங்கும்போது அவருடைய ஜாக்கெட் வியர்வையில் நனைந்திருந்தது. அன்று மதியமே இருவரும் மண் மிதித்தோம்.

இப்போது கூடம் எழும்பி நிற்கிறது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நானும் வேலையில் சேர்ந்தேன். குத்தாலத்தில் இதேபோல் இன்னொரு கூடம் கட்டுகிறார்கள். அங்கே மண் வேலை முழுக்க அவர் மேற்பார்வையில் நடக்கிறது. சில நாள் அவர் காதில் குரல்கள் ஓங்கிவிடும். "இன்னிக்கு முடியலங்க, நாளைக்கு வர்றேன்" என்று இன்ஜினியருக்கு அவரே போன் செய்துவிடுவார். காய்ச்சல் என்றோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றோ சாக்குச் சொல்வதில்லை.

எனக்கு அந்தத் தைரியம் வர நாளாயிற்று. போன மாதம்தான் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், மனசு சரியில்லை, இன்று பாடம் நடத்த முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சுவரில் இருந்த டைம்டேபிளைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போங்க சார். உங்க கிளாஸ நான் பாத்துக்கிறேன்" என்று எழுந்து போனார்.