கப்பலுக்கு முன்னால் ஒரு பாஸ்போர்ட்

மத்தியான லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்தேன். வாசல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

"வாங்க ஹுமாயூன் பாய். கால் கழுவிட்டு உக்காருங்க. சோறு ஆறிப்போவுது."

என் பெயர் ஹாஜா மொய்தீன். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுக்கிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு. ஹுமாயூன் என்று இந்த உலகத்தில் என்னைக் கூப்பிட்டவர்கள் துபாயில் நான் வேலை பார்த்த சோபா கடைக்காரர்கள் மட்டும்தான். அந்தப் பெயர் என் வீட்டுக்குள் எப்படி வந்தது?

உள்ளே போய்ப் பார்த்தேன். ஆவடியில் கட்டிக்கொடுத்த பெரிய மகள் ரோஷன் பேகம், ஹஜ் கமிட்டியின் விண்ணப்பப் பாரங்களைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாவது வரை படித்தவள் என்பதால் பாரம் நிரப்பத்தான் அவளை வரச் சொல்லியிருந்தோம். என் பிறந்த தேதி வேண்டும் என்று அவள் கேட்க, என் வீட்டுக்காரி வஹீதா பீரோவைத் திறந்து என் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஆறு வருஷமாக அவளே தூசி தட்டி, அந்துருண்டை போட்டுக் காப்பாற்றி வைத்த பாஸ்போர்ட். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. உள்ளே என்ன பெயர் இருக்கிறது என்று அன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"அத்தா, போட்டோ உங்களுது. பேரு வேற யாருதோ" என்றாள் மகள்.

நான் சோற்றில் கை வைக்காமல் சொன்னேன். எண்பத்தி நாலில் ஓர் ஏஜென்ட் துபாய் வேலைக்கு விசா வந்திருக்கிறது என்றான். விசா ஹுமாயூன் என்ற பெயரில் இருந்தது. "அந்த ஆள் வரலை. அதே பேர்ல உங்களுக்குப் பாஸ்போர்ட் எடுத்துடலாம்" என்றான். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்ற நான், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இரண்டரை வருஷம் ஹுமாயூனாக சோபா மெத்தை தைத்தேன். திரும்பி வந்த அன்றைக்கு அந்தப் பெயரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

வஹீதா பாஸ்போர்ட்டை மூடிப் பாயில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்த ஹுமாயூன் யாருங்க? உசுரோட கீறாரா?"

"தெரியாது."

"அவரு பேரை எடுத்துக்கினு போனீங்களே, அவரு இன்னா ஆனாருன்னு கேக்கவே இல்லியா?"

"இல்ல."

"சரி, சாப்புடுங்க."

அவள் எப்படிப்பட்டவள் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். வஹீதுன்னிசா திருமழிசையில் பிறந்தவள். அவளுடைய அத்தா சைக்கிளில் ஊர் ஊராக வளையல் விற்றவர். மூன்றாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். பதினேழு வயதில் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் துபாயில் இருந்த காலத்தில் கடையை அவள்தான் நடத்தினாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பஞ்சு அடிப்பாள். அந்த இருமல் இன்னும் போகவில்லை. ஒருமுறை அவசரத்தில் நான் பழைய பஞ்சைப் புதுப் பஞ்சோடு கலந்து ஒரு கல்யாண மெத்தையைத் தைத்துவிட்டேன். ஆள் வந்து எடுத்துப்போக வேண்டிய நேரம். அவள் மெத்தையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து நாலு பக்கத் தையலையும் பிரித்துப் பஞ்சை வெளியே கொட்டினாள். வந்தவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் புதுப் பஞ்சு அடைத்துத்தான் கொடுத்தனுப்பினாள்.

சின்ன மகளையும் அம்பத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு, "இனிமே நமக்கு ஒரு வேலைதான் பாக்கி, ஹஜ்" என்றாள். அப்போது பம்பாயிலிருந்து கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதையும் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள், இனி எல்லாம் பிளேன்தான் என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். பிளேனில் போக எங்களுக்கு வசதி கிடையாது. கப்பலை விட்டால் ஹஜ்ஜே இல்லை என்ற நிலைமை. அதனால்தான் தொண்ணூத்தி ரெண்டாம் வருஷக் கடைசியில் அவசரமாகப் பாரம் வாங்கி வந்தோம்.

பாரங்களை வாங்கிப் போகிற ஹஜ் ஏஜென்ட் மறுநாள் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா பாய் மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு கீறீங்க? ரெண்டு வழி கீது. ஹுமாயூனாவே போங்க. பீபியம்மா பாரத்துல புருசன் பேரு ஹுமாயூன்னு போட்டுக்கலாம். இல்லையா, பாஸ்போர்ட்டே எடுத்தது இல்லைன்னு எழுதிடுங்க. ஹஜ் கமிட்டியே ஒரு பாஸ் குடுக்கும். கப்பலுக்கு அதுவே போதும். பழசை அடுப்புல போட்டுடுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து வஹீதா கேட்டாள்: "ஏன் அண்ணாத்தே, அந்த ஹுமாயூனுக்கும் எனக்கும் எந்தப் பள்ளிவாசல்ல நிக்காஹ் ஆச்சு?"

"காயிதத்துலதாம்மா."

"காயிதத்துல வேற ஆம்பளையைப் புருசன்னு எழுதிக்கினு நான் அல்லாஹ் ஊட்டுக்குப் போவணுமா?"

"அப்ப ரெண்டாவது வழி."

"அது வேற பொய். முதல் பொய்யை மறைக்கிறதுக்கு ரெண்டாவது பொய்."

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். எனக்கு இரண்டாவது வழி பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது.

அவர் போன பிறகு நான் சொன்னேன்: "வஹீதா, நாமளே போய்ச் சொன்னா கேஸ் போடுவாங்க. உள்ள தள்ளினாலும் தள்ளுவாங்க. கப்பலும் போயிடும்."

"ஜெயில்ல போட்டா தெனமும் சோறு கட்டிக்கினு வரேன். பொய்யைக் கட்டிக்கினு கஃபாவுக்கு வரமாட்டேன். முதல்ல உங்க பேர்ல ஒரு பாஸ்போர்ட் எடுங்க. அப்புறம் கப்பல்."

"கப்பலையே நிறுத்திட்டாங்கன்னா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையணை உறைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தாள். அந்தக் கேள்வி என்னைவிட அவளைத்தான் அதிகம் அறுத்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தையல் மிஷின் நிற்கவில்லை.

நடந்ததையெல்லாம் சொல்லி மகள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். பட்டணத்துக்குப் பஸ் ஏறிப் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனோம். புர்கா போட்டுக்கொண்டு வஹீதாவும் வந்தாள். கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"புதுப்பிக்கணுமா?"

"இல்ல சார். திருப்பிக் குடுக்க வந்தேன். இது நான் இல்ல."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானே இது?"

"மூஞ்சி நான்தான் சார். பேருதான் நான் இல்ல."

அவர் எங்களை உள்ளே ஒரு பெரிய அதிகாரியிடம் அனுப்பினார். கடிதத்தை இரண்டு தடவை படித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"பின்னே ஏன் வந்தீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற வஹீதா சொன்னாள்: "ஹஜ்ஜுக்குப் போவணும் சார்."

"அதுக்கு ஹஜ் கமிட்டிக்குப் போகணும்மா."

"அதுக்கு முன்னாடி இங்க வரணும் சார்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இது குற்றம், விசாரணை வரும், அபராதமோ கேஸோ எதுவும் நடக்கலாம் என்றார். எல்லாம் முடிந்து சொந்தப் பெயரில் புதுப் பாஸ்போர்ட் எடுத்தால்தான் சரியாகும் என்றார். நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு பழைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்.

"இந்த வருஷக் கப்பலுக்குக் கிடைக்குமா சார்?" என்று வஹீதா கேட்டாள்.

"இந்த வருஷத்தை மறந்துடுங்கம்மா."

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சீட்டு காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியையும் பிடிக்காமல் நின்றாள். பஸ் குலுங்கும்போது இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

"இன்னா பண்றே? உயுந்துடப் போறே."

"கப்பல் ஆடுமாமே. நின்னு தொழுவணும் இல்ல? இப்பவே பழகிக்கறேன்."

அன்றைக்கு என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் அவளிடம் "விட்டுடலாம்" என்று சொல்லவில்லை.

அந்த வருஷம் எங்கள் தெருவிலிருந்து நாலு பேர் ஹஜ்ஜுக்குப் போனார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பி வைத்தோம். எல்லோரிடமும் எங்களுக்காகப் பிரார்த்தித்து துஆ செய்யச் சொன்ன வஹீதா, ரயில் நகர்ந்ததும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

விசாரணைக்காக மூன்று தடவை பட்டணத்துக்குப் போய்வந்தேன். அபராதம் விதித்தார்கள், கட்டினேன். அல்லாஹ்வின் கிருபை, ஜெயில் என்ற பேச்சு வரவில்லை. புதுப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பேரும் மனுப் போட்டோம். அடுத்து போலீஸ் விசாரணை.

போலீஸ்காரர் தேவராஜ் ஒரு காலை நேரம் சைக்கிளில் வந்து எதிர் டீக்கடையில் இறங்கினார். நான் உள்ளே பஞ்சு அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததெல்லாம் பிறகு வஹீதா சொன்னதுதான்.

"இங்க ஹாஜா மொய்தீன் ஊடு எது நைனா?" என்று டீக்கடை துலுக்கானத்தைக் கேட்டிருக்கிறார்.

"அப்டி ஒரு ஆளே இல்லியே. இந்தத் தெருவுல மெத்தை பாய் கீறாரு, முட்டை பாய் கீறாரு, கடியாரம் ரிப்பேர் பாய் கீறாரு. ஹாஜா மொய்தீன்னு யாரும் கெடையாது."

"அப்ப ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போறேன்."

வஹீதா விசாரணைக்கென்று எடுத்து வைத்திருந்த காகிதத்தோடு திரையை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். இருபது வருஷத்தில் எதிர் டீக்கடைப் பக்கம் அவள் போனதே கிடையாது.

"அண்ணாத்தே, எழுதாதீங்க. மெத்தை பாய்தான் ஹாஜா மொய்தீன். இந்தாங்க, எங்க நிக்காஹ் காயிதம்."

துலுக்கானம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட, இத்தினி வருசமா டீ குடுக்கறேன், பேரைக் கேக்கவே இல்லியே!"

தேவராஜ் காகிதத்தைப் பார்த்தார். "ஏம்மா, இவுரு வேற பேர்ல துபாய் போனவருதானே?"

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். இவ்வளவு நாளாகத் தெருவுக்குத் தெரியாமல் இருந்த விஷயம். வஹீதா நினைத்திருந்தால், உள்ளே வாங்க, பேசிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

"ஆமா, போனாரு. அவரே போய்ச் சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாரு. அதையும் சேத்து எழுதிக்குங்க."

அப்புறம் துலுக்கானம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சாட்சிக் கையெழுத்து வேணுமில்ல? எங்க போடணும் சொல்லு. பேருதான் தெரியாது, ஆளைத் தெரியும்."

வஹீதா வந்து கூப்பிட்டு நான் வெளியே வந்தபோது உடம்பெல்லாம் பஞ்சு. தேவராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மெத்தைன்னுதான் சொன்னாங்க, மெத்தையே எய்ந்து வருது" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பல வருஷம் கழித்து நெஞ்சு லேசான மாதிரி இருந்தது.

புதுப் பாஸ்போர்ட்டுகள் தபாலில் வந்தபோது தொண்ணூத்தி மூணு முடியப்போகிறது. அடுத்த வருஷமும் கப்பல் உண்டு என்று அறிவிப்பு வந்தது. மறுபடி ரோஷன் பேகம் வந்தாள், மறுபடி பாரம். முன்னால் பாஸ்போர்ட் எடுத்தது உண்டா என்ற இடத்தில் பேனா நின்றது. வஹீதா சொன்னாள், "நடந்ததை எழுது. இடம் போதலைன்னா தனி பேப்பர்ல எழுதி ஒட்டு." அப்படியே செய்தோம். பாரம் திரும்பி வரவில்லை. ஹஜ் பட்டியலில் எங்கள் பெயர்கள் வந்தன.

புறப்படுவதற்கு முன்னால் வழக்கப்படி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஹுமாயூன் வீடு எங்கே என்று தெரியாதே. அவர் இருந்தால் அவருக்கும், அந்த வேலையால் அவர் இழந்த சோற்றுக்கும் சேர்த்து ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். அது இன்னும் முடியவில்லை. நான் இருக்கும்வரை முடியாது.

பம்பாயில் கப்பல் ஏறினோம். நாலு நாள் வஹீதா தலை தூக்கவில்லை, ஒரே வாந்தி. இருமலும் சேர்ந்துகொண்டது. உட்கார்ந்து தொழலாம், மார்க்கத்தில் இடம் உண்டு என்று உடன் வந்த ஆலிம் சொன்னார். ஐந்தாம் நாள் விடிகாலை சுபுஹு தொழுகைக்கு எழுந்து, என் தோளை ஒரு தடவை பிடித்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

யலம்லம் எல்லை வந்தது. ஹாஜிகள் இஹ்ராம் கட்டுகிற இடம் அது. கப்பல் நீளமாக ஒரு சங்கு ஊதியது. இரண்டு வெள்ளைத் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தேன். வாழ்நாளெல்லாம் தைத்தவனின் உடம்பில் அன்றைக்கு ஒரு தையல் இல்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள் லப்பைக், இதோ வந்துவிட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பக்கத்தில் நின்ற வஹீதா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, வாய்க்குள்ளயே சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க. இனிமே யாருக்கு பயம்?"

சொன்னேன்.