புத்தகத்தில் இல்லாத வரி

என் அக்கா நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவள். மேடையின் இடது பக்கம், படுதாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி, மடியில் நாடகப் புத்தகம், தலைக்கு மேல் சின்ன விளக்கு. இருபத்திரண்டு கோடைகளாக அதுதான் அவள் இடம். மற்ற மாதங்களில் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பதிவேடு எழுதுகிறாள். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நடிகர் திணறினால் அடுத்த மூன்று சொற்கள் காதோரமாக வரும். நாலாவது சொல் வராது. நான் உடை தைப்பவள். எனக்கு வாய் அடங்காது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் ஊர்க் கோடை நாடக விழாவில் மூன்று நாடகங்கள். நடிகர்கள் அதே ஒன்பது பேர். ஒரு நாள் திகில், மறுநாள் சிரிப்பு, அடுத்த நாள் சோகம், பிறகு மறுபடி திகில் என்று விழா முடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சோபாவும் ஒன்றுதான், நாடகத்துக்கு ஒன்றாக மூன்று உறை தைத்து வைத்திருக்கிறேன். மனிதர்களுக்கு அப்படி உறை மாட்ட முடியுமா? ஒரு நாடகத்தின் வசனம் இன்னொன்றில் நுழைந்துவிடும். எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கிறது. சிரித்துவிட்டு மறந்துவிடுவோம்.

அக்காவின் கணவருக்கு, என் அத்தானுக்கு, இந்தக் கோடையில் மட்டும் ஆறு தடவை நடந்துவிட்டது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷம் முழுக்க இந்த விழாவை நினைத்துத்தான் அவர் பொழுது போகும். ஆறாவது தடவைக்குப் பிறகு இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை மத்தியான ஷோவப் பாக்கறேன். அதுலயும் தப்பினா, மறுநாள்லேருந்து உங்க வீட்டுக்காரருக்குப் பதிலா பூகோள வாத்தியார்தான். அவர் எல்லா வேஷத்தையும் பாடம் பண்ணிட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அத்தானிடம் சொல்லவில்லை. எனக்குத்தான் சனிக்கிழமை வரைக்கும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சோக நாடகம். அத்தானுக்கு அப்பா வேஷம். வீட்டை விட்டுப் போன மகள் பத்து வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்பாள். அவர் உள்ளே கூப்பிடுவாரா மாட்டாரா என்பதுதான் கதை. தகரக் கூரை மண்டபம். வசனம் கேட்காது என்று மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். அந்தப் புழுக்கத்திலும் முதல் பாதியில் அத்தான் ஒரு சொல் பிசகவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக நடித்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

இடைவேளையில் என் அறை வாசலில் வந்து நின்றார். "என் வெள்ளைக் கோட்டு எங்கம்மா?"

வெள்ளைக் கோட்டு முந்தின நாள் சிரிப்பு நாடகத்தில் அவர் போட்ட டாக்டர் வேஷத்துக்கு. "இன்னிக்குக் கறுப்பு அத்தான்," என்று நானே மாட்டிவிட்டேன். "ஆமாமா," என்று சிரித்தார். புரிந்து சிரித்த மாதிரித் தெரியவில்லை. படுதா பக்கம் ஓடினேன்.

"அக்கா, அவர் டாக்டர் கோட்டு கேட்டாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சத்தம் போடாத. உக்காரு," என்றாள். முக்காலிக்குப் பின்னால் தரையிலேயே உட்கார்ந்தேன்.

கடைசிக் காட்சி. மகளாக நடிக்கும் நூலகத்துப் பெண் எங்கள் பக்கத்து வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்றாள். டாக்டர் நாடகத்தில் நோயாளியாக வருவதும் இதே பெண்தான், கேட்பதும் இதே கேள்விதான். எழுதின மகராசன்களுக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை?

அத்தான் நிமிர்ந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வாம்மா, வா. எங்க, நாக்க நீட்டு பாப்போம்."

மூன்றாவது வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். எதிர்ப் பக்கத்தில் இயக்குநர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பூகோள வாத்தியார் அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். நூலகத்துப் பெண் சிலை மாதிரி நின்றாள். அத்தானுக்கு எடுத்துக் கொடுத்துப் பயனில்லை. அவர் திணறவே இல்லையே. வேறு நாடகத்தில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.

அக்கா புத்தகத்தை மூடினாள். காட்சி நடுவில் அவள் அதை மூடி நான் பார்த்ததில்லை. வாசல் பக்கம் குனிந்து, அந்தப் பெண்ணுக்கு எடுத்துக் கொடுத்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி.

அந்தப் பெண் கெட்டிக்காரி. அப்படியே வாங்கிச் சொன்னாள். "சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தா இப்படித்தான கேப்பீங்க, அப்பா."

சிரித்த ஆள் அடங்கிவிட்டார். அத்தான் தன் கறுப்புக் கோட்டின் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஏன் வாசல்லயே நிக்கற? உன் வீடுதான இது," என்றார். அதுதான் சரியான வசனம். மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம்.

திரை விழுந்ததும் நேராக அக்காவிடம் வந்தார். "பாத்தியா? இன்னிக்கு எனக்கு ஒரு வார்த்தகூட நீ எடுத்துக் கொடுக்கல."

"கொடுக்கலதான்," என்று அவர் கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்துவிட்டாள். அவர் விசிலடித்துக்கொண்டே உடை மாற்றப் போனார்.

இயக்குநர் ஓடி வந்தார். "அழ வெச்சுட்டாருங்க. வாத்தியார் வேண்டாம், இவரே இருக்கட்டும். அந்த நாக்கு நீட்டற இடத்த அடுத்த ஷோவுலயும் அப்படியே வெச்சுக்கலாம்."

"வாத்தியாரையே போடுங்க," என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்ன கிறுக்கா? காப்பாத்திக் குடுத்துட்டு நீயே தள்ளிவிடுறியே."

"அவர் வசனத்த மறக்கலடி. அந்தப் பொண்ண நெஜமாவே நோயாளின்னு நெனச்சாரு. அந்த முகத்த நான் பாத்தேன்." அவள் முக்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "இன்னிக்கு நல்லா நடிச்சோம்னு சந்தோஷமா வீட்டுக்குப் போகப் போறாரு. அதோட நிக்கட்டும்."

புத்தகத்தை என் கையில் வைத்தாள். வெளியே அத்தான் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"அடுத்து எப்போ வரணும்?"

"இனிமே நமக்கு லீவு."

"உனக்குமா? அப்ப யாரு எடுத்துக் கொடுப்பா?"

"தங்கச்சி."

"அவளா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவ ஒரு சொல்லு கேட்டா பத்து சொல்லு கொடுப்பாளே."

செவ்வாய்க்கிழமை மறுபடி சோக நாடகம் வந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். "உள்ள வரலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். வாத்தியார் சரியான வசனத்தை, ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அதற்குப் பிறகு அவர் திணறியிருந்தாலும் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அழுகையில் எனக்குப் புத்தகத்தில் எழுத்தே தெரியவில்லை.