நான் கையுயர்த்திய தீர்மானம்

யாதம்மா கதவு மணியை அழுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் வெளியே நிற்கிறார் என்பதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கம்பெனி வண்டிக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் கதவில் பொருத்தியிருக்கும் சிறு கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தபோது, சுவரில் ஒரு கையை ஊன்றி, முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, அந்த நொடியில்தான் வந்தவர்போல மணியை அழுத்தினார். மறுநாளும் அப்படியே. விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தெருமுனையிலேயே குரல் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். வாசலில் யாரும் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. உள்ளே வர மனமில்லாமல்தான் நிற்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான் என்ன தவறு செய்தேன் என்று அன்று முழுவதும் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து யோசித்தேன்.

யாதம்மா என் மகள் கயலைப் பார்த்துக்கொள்பவர். தெலுங்குக்காரர்; மேடக் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து கூகட்பல்லியில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் குடியிருக்கிறார். அவர் வந்த பிறகுதான் நான் மாதாப்பூரில் மறுபடி வேலைக்குப் போக முடிந்தது. அதற்கு முன் இரண்டு காப்பகங்களில் விட்டுப் பார்த்தோம். இரண்டு முறையும் கயல் அழுதழுது காய்ச்சலில் விழுந்தாள். யாதம்மாவிடம் முதல் நாளே ஒட்டிக்கொண்டாள். ஊரிலிருந்து என் அம்மாவால் வர முடியாது, மாமியாரால் வர முடியாது. யாதம்மா இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அதனால் ஒரு மாலை, நான் வீடு திரும்பியதும் அவர் “அம்மா, ஒச்சே நெல நுஞ்சி…” என்று தொடங்கியபோது, வேலையை விடப் போகிறார் என்றே நினைத்தேன். ‘அடுத்த மாதத்திலிருந்து’ என்ற அந்த ஆரம்பத்துக்கு மேல் அவரை நான் பேச விடவில்லை. “சம்பளம்தானே, கூட்டித் தருகிறேன்” என்றேன். இல்லை என்று தலையசைத்தார். “போனாலு பண்டிகைக்கு லீவா? இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.” அதுவும் இல்லை. “என் கணவர் ஏதாவது சொன்னாரா?” யாதம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கேட்ட எல்லாமே அக்கறையில் கேட்டவை. எங்கள் வீட்டில் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடித்து வைப்பதுதான் பாசம். அப்பா “அந்த மல்லி மூட்டை…” என்பதற்குள் அம்மா “வந்துருச்சு, எடை போட்டாச்சு” என்பார். சாப்பாட்டு நேரத்தில் ஏழு பேரும் ஒரே சமயத்தில் பேசுவோம், எல்லாருக்கும் எல்லாம் புரியும். முடிக்க விட்டுக் காத்திருந்தால், “என்ன கோவம் இவளுக்கு” என்பார்கள்.

அந்த மாதம்தான் எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுவதற்காக இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். நன்றாகக் கேட்பவர்தான் நன்றாகப் பேரம் பேசுவார் என்றார் பயிற்சியாளர். சற்று முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், எதிராளி சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சான்றிதழும் கொடுத்தார்கள். மறுநாளே யாதம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்தேன். “எனக்குக் காலையில் கஷ்டமாக இருக்கிறது” என்றார் தெலுங்கில். “அதாவது, உங்களுக்குக் காலையில் கஷ்டமாக இருக்கிறது” என்றேன் நானும், எனக்குத் தெரிந்த தெலுங்கில்.

யாதம்மா கயலைப் பார்த்துச் சிரித்தார். “நேனு செப்பிந்தே மள்ள செப்துன்னவ் ஏந்தி, அம்மா? நீ புள்ள கூட கிளி மாதிரி இப்படித்தான் செய்யுது.” சொன்னதையே ஏன் திருப்பிச் சொல்கிறாய் என்கிறார்; இரண்டாவது வாக்கியம் எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டு அவர் கற்ற தமிழ். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

ஆனாலும் அன்று நான் எழுந்து போய்விடவில்லை. காரணம் வகுப்பு அல்ல. என்னிடமிருந்த தெலுங்கு தீர்ந்துவிட்டது. கெஞ்சுவதற்கு வைத்திருந்த வாக்கியம், சமாதானத்துக்கு வைத்திருந்த வாக்கியம், எல்லாவற்றையும் முந்தின நாட்களிலேயே செலவழித்திருந்தேன். சும்மா தரையில் உட்கார்ந்து கயலின் சட்டைகளை மடித்தேன். கொஞ்ச நேரத்தில் யாதம்மாவும் நாற்காலியை விட்டு இறங்கி எதிரே உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தார். அவர் எதையும் நேராகத் தொடங்குகிறவர் அல்ல. ஊரில் தண்ணீர் இல்லாததில் தொடங்கி, அக்கா மகளின் பிரசவத்துக்குப் போய், அங்கிருந்து தன் வலது முழங்காலுக்கு வந்தார். புடவையைச் சற்று உயர்த்திக் காட்டினார். முழங்கால் பந்துபோல வீங்கியிருந்தது. மூன்று வாரமாகப் படியேறி வருகிறாராம், நான்கு மாடி. காலையில் ஒரு முறை. சாயங்காலம் கயலைப் பூங்காவுக்குத் தூக்கிப் போய்வர மறுபடி ஒரு முறை. மூச்சு வாங்குவதை நான் பார்த்தால் வேறு ஆள் தேடிவிடுவேனோ என்று வெளியே நின்று ஆற்றிக்கொண்டு வந்திருக்கிறார். “நேற்று மூன்றாவது மாடியில் கால் மடங்கியது, அம்மா. பிள்ளை என் இடுப்பில் இருந்தது. விழவில்லை. ஆனால் விழுந்திருந்தால்? அதனால்தான் நின்றுவிடுகிறேன் என்கிறேன்.”

லிஃப்டில் வரக் கூடாதா என்று கேட்டேன். காவலாளி விடுவதில்லையாம். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று அடுக்ககச் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டதாம். “நீக்கு தெலுசு கதா, அம்மா” என்றார் மெதுவாக. உனக்குத் தெரியும்தானே.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்ற மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம் நடந்தது. எல்லாம் வேகமான தெலுங்கு. கயல் மடியில் நெளிந்துகொண்டிருந்தாள். புரியவில்லை என்று சொல்லி அந்நியமாகத் தெரியக் கூடாதென்று, மற்றவர்கள் தலையாட்டும்போது நானும் ஆட்டினேன். எல்லாரும் கையுயர்த்தியபோது நானும் உயர்த்தினேன். லிஃப்ட் பக்கத்தில் தெலுங்கில் ஒட்டியிருந்த அறிவிப்பை படிக்கத் தெரியாமல் மூன்று வாரமாகத் தினமும் கடந்து போயிருக்கிறேன்.

சங்கச் செயலாளர் மூன்றாவது மாடிக்காரர். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்; முப்பது வருடமாக இங்கேயே இருக்கிறார். ஒரு தாளில் நான்கு நியாயங்களை வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். நான் உட்காருவதற்குள் அவர் இந்த ஊர் உருது கலந்த தமிழில் சொன்னார்: “ஹவ், ஆமா, நீங்களும்தானேம்மா கையைத் தூக்கினீங்க? நான்தான் எண்ணினேன்.”

“எனக்குப் புரியலை அங்கிள்.”

“புரியலைன்னா நக்கோ, வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே. ஒரு வார்த்தை.”

அதற்குமேல் என் நான்கு நியாயங்களையும் எடுத்துச் சொல்ல எனக்கு முகம் இல்லை. தாளைப் பையிலேயே விட்டுவிட்டு, “ஏன் அங்கிள் அந்த ரூல் வந்தது?” என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. கரண்ட் போன ஒரு காலையில் ஆறு பேர் ஏற வேண்டிய லிஃப்டில் பதினோரு பேர் மாட்டிக்கொண்டதையும், அதில் தன் மனைவி இருந்ததையும், அதற்குப் பிறகு அவர் கீழே இறங்குவதே இல்லை என்பதையும் சொன்னார். “கூட்டத்தைக் குறைக்கணும்னுதான் நான் கேட்டேன். யாரைக் குறைக்கறதுன்னு வந்தப்ப ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. சிலது உங்ககிட்ட சொல்ற மாதிரி இல்லம்மா.”

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: “பயமெல்லாம் ஒண்ணுமில்ல. இவரோட மீட்டிங்குக்கு வராம இருக்க எனக்கு ஒரு சாக்கு கெடச்சுது.”

செயலாளர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். யாதம்மாவின் முழங்காலைப் பற்றியும் மூன்றாவது மாடியில் கால் மடங்கியதைப் பற்றியும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். தீர்மானத்தைத் தனியாக மாற்ற அவரால் முடியாது. “கைல குழந்தை இருந்தா யாரா இருந்தாலும் லிஃப்ட். வாட்ச்மேன்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்” என்றார். அதற்கு ஒப்புக்கொண்டு வந்தேன். சரியாகத்தான் பேசினேனா, இன்னும் கேட்டிருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. மற்ற வீடுகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் படியேறித்தான் வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று தெலுங்கில் கேட்டேன். பலர் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு பேர், தங்களுக்கும் புரியவில்லை என்றார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

யாதம்மா நிற்கவில்லை. ஆனால் காலையில் வரும்போது அவர் கையில் குழந்தை கிடையாதே. அதனால் நானே கயலைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குகிறேன். தரைத்தளத்தில் அவள் யாதம்மாவின் இடுப்புக்கு மாறுகிறாள். இருவரும் லிஃப்டில் ஏறுகிறார்கள். நேற்றும் அப்படித்தான். அம்மா ஊரிலிருந்து கைபேசியில் அழைத்து, தம்பிக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்டின் கம்பிக் கதவு சாத்தியது. கயல் எதையோ தெலுங்கில் விடாமல் சொல்லிக்கொண்டே மேலே போனாள். யாதம்மா “ஹா… ஹா…” என்று உம் கொட்டிக் கேட்டுக்கொண்டே போனார். முதல் மாடி, இரண்டாம் மாடி. அந்தக் குரலில் பாதிதான் எனக்குப் புரிந்தது. அண்ணாந்து நின்றேன்.

“ஏய், லைன்ல இருக்கியா? சத்தத்தையே காணோம்” என்றார் அம்மா.

“இருக்கேம்மா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன்.