ஆறாவது நிமிடத் தப்பு

சாஃப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களைத் தயார் செய்வதுதான் என் அண்ணனுக்குப் பிழைப்பு. வீட்டின் பின்னறையில் ஒரு வெள்ளைப் பலகை, ஏழு பிளாஸ்டிக் நாற்காலி, பலகையைத் துடைக்க அவனுடைய பழைய சாக்ஸ். அந்த அறைக்குள் நுழைந்தாலே எனக்குக் குமட்டும். சாக்ஸ் மட்டும் காரணமில்லை.

இப்போதெல்லாம் கம்பெனிகள் இன்டர்வியூவைத் தளர்த்திவிட்டன. கேள்வியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், பிடித்த மொழியில் எழுதலாம், விடையைவிட நீங்கள் யோசிக்கும் விதம்தான் முக்கியம் என்கிறார்கள். நல்ல விஷயம்தானே? அண்ணன் அதிலும் கைவைத்தான். யோசிப்பதையே மனப்பாடம் செய்ய வைத்தான். எங்கே இழுக்க வேண்டும், எங்கே "ம்ம்" கொட்ட வேண்டும், எல்லாம் அச்சடித்த தாளில். இதில் உச்சம் ஆறாவது நிமிடம். புரோகிராமுக்குக் கொடுக்கும் பட்டியலில் ஒன்றுமே இல்லாமல் காலியாக இருந்தால் அது என்ன செய்யும் என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டு, நெற்றியில் தட்டிக்கொண்டு, "அடடா, காலியா இருந்தா?" என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். தன் தப்பைத் தானே பிடிக்கிறவர்களைத்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

எனக்கு வேலை போய் எட்டு மாதம். வாயைத் திறக்காமல் சரியாக எழுதி முடிப்பவள் நான். அதனாலேயே நான்கு இடங்களில் கழித்துக்கட்டினார்கள். மிச்சம் ஒரே ஒரு கம்பெனிதான் கூப்பிட்டிருந்தது. வேறு வழியில்லாமல் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"காலியா இருக்கான்னு நான் முதல் வரியிலேயே பாத்துடுவேண்ணா. பதினோரு வருஷப் பழக்கம்."

"அந்தப் பழக்கம்தாம்மா உன்னை வீட்ல உக்கார வச்சிருக்கு. தட்டு. இன்னும் கொஞ்சம் பதறித் தட்டு."

பதறித் தட்டினேன். கண்ணாடி முன்னாலும் தட்டிப் பார்த்தேன். அது இன்னும் கேவலமாக இருந்தது.

இன்டர்வியூவில் எதிரே இருந்த பெண் கனிவாகத்தான் பேசினார். "உங்க இஷ்டம்போல பண்ணுங்க" என்றார். முதல் வரியில் என் கை தானாக, காலியா என்று பார்க்கும் அந்தச் சோதனையை எழுதிவிட்டது. நானே அதை அழித்தேன். ஆறாவது நிமிடம் நெற்றியில் தட்டி, "அடடா, காலியா இருந்தா?" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலைலேர்ந்து இதே இடத்துல இப்படித் தட்டுற மூணாவது ஆள் நீங்க. ஆனா நீங்க அதை முதல்லயே எழுதினீங்க, நான் பாத்தேன். ஏங்க அழிச்சீங்க?"

நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். "ஒரே தப்பை எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கே? கூடப் பொறந்தவளுக்கும் அதேதானா? உன் பேச்சைக் கேட்ட என்னைத்தான் செருப்பால அடிக்கணும்!"

தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அழுகிறானோ என்று ஒரு கணம் எனக்கு மனசு இளகியது.

"சரிதாம்மா" என்றான், நிமிர்ந்து. "இனிமே ஆளுக்கொரு தப்பா வச்சிடலாம்."