தமயந்தி கேட்ட ஒரு 'ங்க'

திங்கட்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். துறை அலுவலகத்திலிருந்து போன்.

"சார், தமயந்தி மேடம் போயிட்டாங்க."

"எங்கீங்க போனாங்க? முதல் கிளாஸ் அவங்களுதுங்களே?" என்றேன்.

சொற்களின் பொருள் காலப்போக்கில் எப்படி விரிகிறது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். 'போயிட்டாங்க' என்பது எனக்குப் புரியவில்லை.

தலை வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம். மாரடைப்பு. வெள்ளிக்கிழமை மாலைதான் உக்கடத்தில் என்னோடு நின்று டீ குடித்து, சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். அவரை அறிந்த உங்களில் பலருக்கும் என்னைப்போலவே இன்னும் நம்ப முடியவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கல்லூரியில் மொழியியல் அவர் பாடம். தேர்வுத்தாளில் ஒரு மாணவி 'ஊடு' என்று எழுதியதைக் காட்டி, தமிழ் செத்துக்கொண்டிருக்கிறது என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் கொதித்தார். தமயந்தி சிரித்தார். "தேர்வுல 'வீடு'ன்னு எழுதணும்னு நானும் சொல்லித்தர்றேனுங்க. ஆனா வாய்க்கு எது சுலபமோ அந்தப் பக்கம் பேச்சு சாயும். சந்தையில தெலுங்கு, கன்னடக்காரங்களோட நின்னோம், அவங்க சொல்லும் ஒட்டிக்கிச்சு. இதுல சாவு எங்கீங்க வந்துச்சு?" கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "நாக்கு மாத்தறது கொஞ்சம்தான் சார். மனுசன் மனுசனைப் பார்க்கற பார்வை மாறுனா, பேச்சு தானா மாறும்."

அதை நான் கண்ணால் பார்த்தது அவர் ஊரான அன்னூரில். தலைமுறைகளாகத் தோட்டக்கூலி செய்த குடும்பம் அவருடையது. அப்பா மாரப்பனுக்காக அவர் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சும் அன்று போயிருந்தேன். அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் வந்த தோட்டத்துச் சொந்தக்காரர் ஒருவர், வாசலில் நின்ற மாரப்பனைப் பார்த்து, "ஏண்டா மாரா, ஊடு கட்டிப்போட்டயாமா?" என்றார். அவர் தோட்டத்தில்தான் மாரப்பன் கூலியாகப் பாதி ஆயுளைக் கழித்திருந்தார். தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. "ஆமாங்க சாமி."

தமயந்தி வெளியே வந்தார். "வாங்க, உள்ள வந்து பால் குடிச்சுட்டுப் போங்க. எங்கப்பாவுக்கும் உங்க வயசுதானுங்க. அவரையும் 'ங்க' போட்டே கூப்பிடுங்க."

குரலில் கோபமே இல்லை. அவர் உள்ளே வராமலே ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனார். மாரப்பன் மகள் பக்கம் திரும்பினார். "அம்மணி, என்ன காரியம் செஞ்சுபோட்ட!"

சில மாதம் கழித்து தமயந்தி சொன்னார். பஸ் ஸ்டாண்டில் அந்தத் தோட்டக்காரர், "மாரப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாராம். மாரப்பன் வீட்டுக்கு வந்து சோறு தொடவில்லை. "என்ன கோவமோ, இப்படிப் பேசறாரே" என்று மகளிடம் புலம்பினாராம். தமயந்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண் நிறைந்துவிட்டது. "புதுப் பேச்சு முதல்ல காதைப் பயமுறுத்தும் சார். பழகணும்."

அவர் போன அந்தத் திங்கட்கிழமை, துறையினர் எல்லோரும் அதே அன்னூர் வீட்டு வாசலில்தான் நின்றோம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. மாரப்பன் அழாமல், எதையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரர் மாலையோடு வந்து அவரிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "பாடி எப்பங்க வரும்?"

மாரப்பன் எழவில்லை. துண்டும் தோளிலேயே கிடந்தது.

"பாடீன்னு சொல்லாதீங்க. எம்பட புள்ள வாரா."

"தப்புங்க" என்று தோட்டக்காரர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்தப் பேச்சில் 'சாமி' இல்லை. மாரப்பனுக்கே அது தெரிந்திருக்காது. கவனித்து எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் ஆம்புலன்சில் வந்துகொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் பஸ்ஸில், கேண்டீனில், யார் பேசினாலும், யாரிடம் என்ன சொல் சேர்க்கிறார், என்ன சொல்லை விடுகிறார் என்றுதான் என் காது போகிறது. தமயந்தி எனக்கு விட்டுப்போனது அது. கேட்டதைச் சொல்ல துறை அறையில் திரும்பினால், பக்கத்தில் அவர் மேசை காலி.